யமுனைக்கு அக்கரையில் பால் காய்ச்சினோம்

முதலில் தெரிந்தது பசுவின் மூச்சு. பசு தெரியவில்லை.

வெள்ளைத் திரைக்குள்ளிருந்து ஆவி புகைபுகையாக வந்தது. அதன் பின்னால் ஈரமான மூக்கு. பிறகு நெற்றியும், அதில் என் நாத்தனார் அப்போதுதான் வைத்த குங்குமமும். கழுத்துக்கு அப்பால் மாடே இல்லை. மூடுபனி விழுங்கியிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்த மாட்டுக்காரரின் இருமல் மட்டும் எங்கிருந்தோ கேட்டது.

"ஏல தம்பி, கன்னுக்குட்டி வந்திருக்கா?" என்றாள் நாத்தனார்.

"கயிறு இருக்கு. அந்தப் பக்கம் கன்னுக்குட்டியாத்தான் இருக்கணும்" என்றார் என் கணவர்.

நான் சிரித்தேன். எங்கள் ஆறு வயது மகள் உமாவும் சிரித்தாள். குரங்குக் குல்லாய்க்குள் அவள் மூக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. என் ஒரு கையில் நிறைகுடம், இன்னொரு கையில் அவள் விரல்கள். அவ்வளவு பனியிலும் மனசு குளிரவில்லை. சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறோம்.

அந்த விரல்களை எந்த இடத்தில் விட்டேன் என்று இன்றுவரை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

முருங்கை மரம்

டில்லியில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு அப்போதெல்லாம் வீட்டுக் கவலை என்பது ஓய்வு பெறும் வயது நெருங்கும்போதுதான் வரும். அதுவரை குவார்ட்டர்ஸ் இருக்கிறது. நாங்கள் கிட்வாய் நகரில் இருந்தோம். கணவருக்கு ஒரு அமைச்சகம், எனக்கு வேறொன்று. இருவரும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வேறு வேறு கட்டடங்களில் இறங்குவோம்.

எனக்கு அந்தக் கவலை முன்னதாகவே வந்ததற்கு ஒரு முருங்கை மரம் காரணம். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் மதுரைக்காரர் ஒருவர் இருந்தார். பின்கட்டில் முருங்கைக் குச்சி நட்டு, மரமாக்கி, வரிசை முழுவதற்கும் காய் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அடுத்து வந்த குடும்பத்துக்கு அது என்ன மரம் என்றே தெரியாது. கம்பளிப்பூச்சி வருகிறது என்று வந்த மாதத்திலேயே வெட்டிப் போட்டார்கள். வெட்டுகிற சத்தத்தை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது. வீடு சர்க்காருடையது. மரமும் சர்க்காருடையதுதான்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "அத்தான், நாம ஒரு இடம் பார்க்கணும்."

"தெற்கு டில்லியிலயா? நம்ம ரெண்டு பேரையும் வித்தாலும் ஒரு வராந்தாதான் கிடைக்கும்."

அப்படித்தான் யமுனையைக் கடந்தோம்.

ஜம்னா பார்

ஆற்றுக்குக் கிழக்கே இருந்த எல்லாவற்றுக்கும் டில்லிக்காரர்களிடம் ஒரே பெயர்தான்: ஜம்னா பார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றுதான் பொருள். சொல்கிற விதத்தில் உலகத்துக்கே அந்தப் பக்கம் என்பது போல இருக்கும். மயூர் விகாரில் அரசாங்கக் குலுக்கலில் எங்களுக்கு ஒரு அடுக்குமாடி வீடு விழுந்தது என்று சொன்னதும் என் மேஜைக்கு எதிர் மேஜைக்காரர் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டார்: "கோமதி மேடம், பாலத்துல பாஸ்போர்ட் பாக்குறாங்களாமே, மெய்யா?"

அதே மனிதர்தான் சில வருஷங்கள் கழித்து, அந்தப் பக்கம் ஏதாவது வீடு விலைக்கு வந்தால் சொல்லுங்கள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அது வேறு கதை.

கட்டடம் எழும்பிய காலத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அங்கேதான் கழிந்தன. மற்றவர்கள் இந்தியா கேட்டுக்குப் போவார்கள். நாங்கள் புளியோதரையைக் கட்டிக்கொண்டு செங்கல் பார்க்கப் போவோம். பாலம் தாண்டியதும் கடுகு வயல், காலிஃப்ளவர் வயல், எருமை, தூசி. நடுவே திடீரென்று ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு வாரமும் ஒரு வரிசை கூடியிருக்கும். வயலில் முளைப்பதைப் போலக் கட்டடம் முளைப்பதை நான் அங்கேதான் பார்த்தேன். பயமும் பெருமிதமும் ஒன்றாக வரும். இத்தனை வீட்டுக்கும் ஜனம் எங்கிருந்து வரும் என்று கேட்பேன். "நம்மள மாதிரி எங்கிருந்தாவது" என்பார் அவர்.

கணவர் சுவரைத் தட்டிப் பார்ப்பார். நான் குழாயைத் திறந்து பார்ப்பேன், தண்ணீர் வராது. உமாவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. அவளைப் பொறுத்தவரை குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது அந்தக் குட்டிகள்தான்.

ஒரே போன்ற அந்த வரிசைகளில் எங்கள் கட்டடத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் இருவரும் நம்பர் பலகையைத் தேடுவோம். அவள் தேடியதே இல்லை. ஓடுவாள்.

அம்பாசமுத்திரத்து நல்ல நேரம்

வீடு கைக்கு வந்தது. தை பிறந்தது. ஊரிலிருந்து கணவரின் அக்கா ரயிலேறி வந்தாள். அம்பாசமுத்திரத்தில் எங்கள் குடும்பத்துக்கு நாள் குறிக்கிறவரிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்: தை மாதம், வளர்பிறை, விடியலுக்கு முன்பு.

குறித்தவர் மேல் தப்பில்லை. தாமிரபரணிக் கரையில் தை மாத விடியல் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். நட்சத்திரம் மங்கும்போதே பொதிகை மலை தெரிந்துவிடும். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு வந்து நாங்கள் யமுனைக் கரையில் வைத்தோம். டில்லியில் தை மாத விடியல் என்று ஒன்று கிடையாது. மூடுபனிதான் உண்டு. பத்து மணி வரைக்கும் சூரியன் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் இருக்கும். அத்தனை வருஷம் டில்லியில் குடியிருந்தும், நல்ல நேரம் என்று வந்ததும், எங்கள் இரண்டு பேருக்கும் ஊர்ச் சூரியன்தான் ஞாபகம் வந்தது.

டாக்ஸி பாலத்தின் மேல் மாட்டு வண்டி வேகத்தில் போனது. ஓட்டுநர் சர்தார்ஜி தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார். "இந்த நேரத்துல யாரு வீடு மாத்துவாங்க, பெஹன்ஜி?" என்று இந்தியில் கேட்டார்.

"மதராஸிகள்" என்றார் என் கணவர். சர்தார்ஜி சிரித்தார்.

கீழே ஆறு இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. பாலம் வானத்தில் கட்டியது போல இருந்தது. நாத்தனார் "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டு மடியில் இருந்த விளக்கை இறுகப் பிடித்திருந்தாள்.

மாடிப்படி

பக்கத்துக் கிராமத்து மாட்டுக்காரர் சொன்ன இடத்தில் காத்திருந்தார். கணவர் டார்ச்சோடு முன்னால் நடந்தார். அந்த வெளிச்சம் பனியில் மோதி எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. ஒரு கட்டடம் கறுப்பாக முன்னால் வந்து நின்றது.

"இதுதான்" என்றார்.

பசுவை மாடிக்கு ஏற்ற முடியாது. படிக்கட்டு வாசலில் முன்னங்கால் இரண்டையும் வைக்கச் செய்து, அதுவே போதும் என்று நாத்தனார் தீர்ப்புச் சொன்னாள். பசு தன் பங்குக்குச் சாணமும் போட்டது. "லட்சுமி வந்துட்டா" என்றாள். நாங்கள் ஏறினோம்.

சாவியைப் போட்டதும் கதவு திறந்தது. திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கான்ட்ராக்டர் மொத்தமாக வாங்கிப் போட்ட பூட்டுகள் அவை. ஒருவர் சாவி இன்னொருவர் வீட்டைத் திறக்கும் என்று பின்னால்தான் தெரிந்தது.

"அப்பா, இது நம்ம கர் இல்ல" என்றாள் உமா.

"நேரம் ஆகுது, உள்ள வா."

"இல்லப்பா. நீச்சே, படிக்கு அடில, குட்டி நாய் இல்ல. இது வேற வீடு."

"ஏட்டி, நல்ல நேரத்துல இப்படிப் பேசப்படாது" என்று நாத்தனார் அவள் வாயைச் செல்லமாகப் பொத்தினாள். "நம்ம வீடு இல்லன்னு வாயால சொல்லுவாங்களா?"

காலி வீட்டில் புது சுண்ணாம்பின் வாசனை. நடுக்கூடத்தில் விளக்கேற்றினோம். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றினேன். நீலச் சுவாலையில் எங்கள் நிழல்கள் சுவரில் பெரிது பெரிதாக ஆடின. பால் சிணுங்கி, ஏறி, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நாத்தனார் தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் குலவையிட்டாள். வெறும் சுவர்கள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிக் கொடுத்தன. எனக்குக் கண்ணீர் வந்தது. என் வீடு, என் சுவர், என் மரம் என்று என்னென்னவோ நினைத்தேன்.

அப்போது கீழேயிருந்து ஒரு பெண் குரல் இடி மாதிரி வந்தது.

"யே காய் கிஸ்கீ ஹை? யாருடைய மாடு இது? என் வாசலில்!"

ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், காலில் கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். கீழ்வீட்டில் குடியேறி ஒரு மாதம் ஆகியிருந்த மல்ஹோத்ரா டீச்சர். அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்பயிற்சி டீச்சர் என்று பிறகு தெரிந்தது. படியேறி வந்து, விளக்கையும் ஸ்டவ்வையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது சக்சேனா சாஹப் வீடு. அவர் கான்பூர்ல இருக்கார். நீங்க யாரு?"

கணவர் ஒதுக்கீட்டுக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். முதலில் அவள் உதடு துடித்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க வீடு அடுத்த வரிசை, பாயி சாஹப்! சக்சேனாவுக்கு இலவசமா பூஜை பண்ணிட்டீங்க!"

நாத்தனாருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்தாள். "அடப் பாவி தம்பி! ஊரான் வீட்டுலயா பால் பொங்கிச்சு?" என்றவள் தானும் சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். "பிள்ளை அப்பவே சொல்லிச்சே" என்று உமாவை இழுத்து அணைக்கத் திரும்பினேன்.

உமா இல்லை.

எல்லாப் பக்கமும் அவள் பெயர்

சமையலறை, குளியலறை, பால்கனி, படிக்கட்டு எல்லாம் பார்த்தோம். கீழே மாட்டுக்காரர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "பச்சி? சின்னப் பொண்ணு அப்பவே இறங்கிப் போச்சே" என்றார். பனிக்குள் கையைக் காட்டினார். அவர் கை எந்தத் திசையைக் காட்டியது என்பதே எனக்கு விளங்கவில்லை.

நாய்க்குட்டியைத் தேடி நம் வீட்டுக்குத்தான் போயிருப்பாள் என்று எனக்கு உடனே புரிந்தது. இரண்டு வரிசைக்கும் நடுவே சாக்கடைக் குழாய் புதைக்க வெட்டிய பள்ளம் இருந்தது. என் உயரத்துக்கு மேல் ஆழம். பொங்கலுக்கு மறுநாள் பெய்த மழையில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. கம்பி வேலியில்லை. வெளிச்சத்தில் அவளுக்கு அந்தப் பள்ளம் தெரியும். இந்த வெள்ளையில் என் கையே எனக்குத் தெரியவில்லை.

"உமா!" என்று கணவர் கத்தினார். நான் கத்தினேன். டீச்சரும் கத்தினாள். மேலே ஒரு ஜன்னல் திறந்தது. "க்யா ஹுவா? என்ன ஆச்சு?" "பச்சி கோ கயீ!" குழந்தை தொலைந்துவிட்டது என்ற செய்தி ஜன்னலுக்கு ஜன்னல் தாவியது. அவ்வளவு வீடுகளில் அதற்குள் ஆள் வந்திருந்தார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. வலப்புறம் ஒரு ஆண் குரல், இடப்புறம் ஒரு கிழவரின் குரல், பின்னால், மேலே, தூரத்தில். "உமா! உமா பேட்டீ! ஓ உமா!" யாரோ தட்டைத் தட்டினார்கள்.

அந்தப் பெயரை வைத்தவள் நான். அது எல்லாப் பக்கத்திலிருந்தும் முன்பின் தெரியாத வாய்களிலிருந்து வந்தபோது எனக்கு அது யார் பெயர் என்றே சந்தேகம் வந்துவிட்டது.

நடுவில் ஒரே ஒருமுறை, மெல்லியதாக, "அம்மா" என்று கேட்டது. எங்கிருந்து? பனியில் சத்தத்துக்குத் திசை கிடையாது. நான் ஒரு பக்கம் ஓட, கணவர் எதிர்ப்பக்கம் ஓடினார்.

அவள் பிறகு சொன்னாள்: ஒவ்வொருவர் கூப்பிடும்போதும் அந்தப் பக்கம் திரும்பி ஓடினாளாம். திரும்பித் திரும்பி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதே மறந்துபோனதாம்.

ஒரே ஒரு குரல்

மல்ஹோத்ரா டீச்சர்தான் அதை முதலில் உணர்ந்தாள். நீண்ட ஒரு விசில் ஊதினாள். பிறகு, பள்ளிக்கூட மைதானம் முழுவதையும் அடக்கிப் பழகிய குரலில் கத்தினாள்:

"சுப்! சப் சுப்! எல்லாரும் வாயை மூடுங்க! குழந்தை குழம்புது! அம்மா மட்டும் கூப்பிடட்டும்!"

நான் இந்த வயதுக்குள் கோயில் கருவறையில் நின்றிருக்கிறேன், மலை மேல் நின்றிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு அமைதியை வேறெங்கும் கேட்டதில்லை. தட்டு நின்றது. குரல்கள் நின்றன. யாரோ ரேடியோவை அணைத்தார்கள். அழுத கைக்குழந்தை ஒன்றை யாரோ உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தியது கேட்டது. அத்தனை பெரிய குடியிருப்பு, முகம் தெரியாத அத்தனை பேர், எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கம்பியிலிருந்து பனி சொட்டுவது கேட்டது.

கூப்பிட வேண்டியது நான்.

"உமா" என்றேன். காற்றுதான் வந்தது. திரும்பவும் வாயைத் திறந்தேன். வரவில்லை. டீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போலோ! கூப்பிடு!"

அப்போது என் நாக்கு தானாகப் புரண்டது. குலவை.

என் ஆயுளில் நான் குலவையிட்டதே இல்லை. சின்ன வயதில் ஊரில் கேட்டதோடு சரி. படித்தேன், வேலைக்கு வந்தேன், அதெல்லாம் மற்றப் பெண்களின் வேலை என்று ஒதுங்கி நின்றேன். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் இடுவார்கள். பிள்ளையைத் தொலைத்துவிட்டு யாரும் இடமாட்டார்கள். பேச்சுக்கு வராத குரல் அதற்கு மட்டும் எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, உச்சத்துக்குப் போய், நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மூச்சு முடிந்தது. இன்னொரு மூச்சு எடுத்து மறுபடி இட்டேன். நிறுத்தினால் அவள் விழுந்துவிடுவாள் என்று தோன்றியது.

வெள்ளைக்குள் ஒரு சின்னக் கறுப்பு. அதற்கு ஒரு குல்லாய். பிறகு ஒரு சிவப்பு மூக்கு.

அவள் ஓடவில்லை. நடந்து வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்து, கொஞ்சம் ஏமாற்றமாகக் கேட்டாள். "அத்தைன்னு நெனச்சேன். நீயா?"

மண்ணில் உட்கார்ந்து அவளை அள்ளிக்கொண்டேன். அவள் ஷூ இரண்டும் களிமண்ணில் தோய்ந்திருந்தன. பள்ளத்தின் ஓரத்தில் மட்டும் இருக்கும் மஞ்சள் களிமண். அதைப் பார்த்தபோது வந்த பயம் இன்னும் முழுதாக என்னை விட்டுப் போகவில்லை. இப்போது அவள் காலேஜுக்குத் தனியாக பஸ்ஸில் போகிறாள். தை மாதத்தில் அவள் படியிறங்கும்போது நான் பால்கனியில் நிற்பதைப் பார்த்து, "அம்மா, ப்ளீஸ்" என்கிறாள். நிற்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

வெயில்

கணவர் எங்கள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "வேண்டாம் கோமு. இந்த வீடே வேண்டாம். யாரு கேட்டாலும் குடுத்துருவோம். நாளைக்கே ஆள் பார்க்கேன்."

நாத்தனார் விளக்கை முந்தானையால் மறைத்தபடி இறங்கி வந்தாள். குழந்தையின் தலையைத் தடவினாள். அவளும் இல்லை என்று சொல்லவில்லை. நானும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் பனி தளர்ந்தது. திரை போல விலகவில்லை. பால் நீர்ப்பது போல மெல்ல நீர்த்தது. முதலில் எதிர்க்கட்டடத்தின் முதல் மாடி. பிறகு அதற்கு மேல் மாடி. பிறகு பக்கத்துக் கட்டடம், அதற்கும் அடுத்தது.

ஒவ்வொரு பால்கனியிலும் மனிதர்கள் நின்றிருந்தார்கள். முகத்தில் பாதி ஷேவிங் சோப்போடு ஒருவர். கையெல்லாம் ரொட்டி மாவோடு ஒரு பெண். கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஒரு முதியவர். டூத் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காத இளைஞன். கீழே பள்ளத்தின் விளிம்போரம், பிடித்த கையை விடாமல் சங்கிலி போல நான்கைந்து ஆண்கள், செருப்பில்லாமல். அந்தப் பனியில் எப்போது இறங்கி அங்கே போய் நின்றார்கள்?

ஒருவர் கூடப் பேசவில்லை. குழந்தை கிடைத்துவிட்டது என்று பார்த்த பிறகும் பேசவில்லை. இனிப் பேசலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா, எல்லாரும் ஏன் சுப்பா நிக்கிறாங்க?" என்று உமா என் காதில் கேட்டாள்.

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஒரு பக்கமாகக் கும்பிட்டால் இன்னொரு பக்கத்துக்கு முதுகு காட்ட வேண்டியிருந்தது. அதனால் மெல்லச் சுற்றிச் சுற்றி, நாலு திசைக்கும் கும்பிட்டேன்.

மல்ஹோத்ரா டீச்சருக்கு அப்போதுதான் தான் கொடுத்த கட்டளை நினைவுக்கு வந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டு, டிரில்லில் விறைத்து நிற்கும் பிள்ளைகளைத் தளர்ந்து நிற்கச் சொல்கிற அதே குரலில் கத்தினாள்:

"விஷ்ராம்!"

காலனி முழுவதும் சிரித்தது. பால்கனிக்குப் பால்கனி பேச்சு கிளம்பியது. எங்கேயோ குக்கர் விசிலடித்தது. சோப்பு மனிதர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். யாரோ மேலேயிருந்து, டீ போடட்டுமா, எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

கணவர் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். "என்ன கோமு, வித்துரலாமா?" என்றார்.

நான் உமாவைக் கீழே இறக்கிவிட்டு, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம வீடு எதுட்டி? காட்டு" என்றேன்.

அவள் நம்பர் பலகையைப் பார்க்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.